மண்மேட்டுக்கு மேலே நிற்பது எது?

2024 பிப்ரவரி 7 அன்று உதகை அருகே லவ்டேலில், கட்டிக்கொண்டிருந்த ஒரு வீட்டின் தடுப்புச் சுவருக்காக மண் தோண்டியவர்கள் மீது, ஒட்டி நின்ற கழிப்பறைக் கட்டடம் சரிந்து விழுந்தது. ஆறு பேர் இறந்தார்கள். ஆறு பேரும் பெண்கள். பிப்ரவரி நீலகிரியில் மழைக்காலம் இல்லை என்பதை நாம் மறக்கக்கூடாது.

ஏற்காட்டில் வேலை எடுக்கும் யாருக்கும் அப்படிப்பட்ட தளம் புதிதல்ல. ஊருக்குள் மனைகள் குறுகல். முதுகுப்பக்கம் ஒருவரின் அஸ்திவாரம் இருக்கும், காலடியில் இன்னொருவரின் கூரை. சேர்வராயன் மலையின் சார்னோக்கைட் பாறை கெட்டியானதுதான், ஆனால் அதன் மேற்பகுதி பல இடங்களில் நைந்து, ஆழமான செம்மண்ணாகிக் கிடக்கிறது. வெட்டிய அன்று அந்த மண் சுவர் வைத்ததுபோல நேராக நிற்கும். அதை நம்பித்தான் மேஸ்திரியும் ஏமாறுகிறார், என்ஜினியரும் ஏமாறுகிறார். காய்ந்தால் வெடிப்பு விடும், நனைந்தால் கனத்துப் பிடிப்பு விடும்.

இதற்கு மேல் நாமே ஒரு பாரத்தை ஏற்றுகிறோம். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வரும் லாரிக்குச் சரக்கு இறக்க ரோட்டோரம்தான் கதி. பல தளங்களில் அந்த ரோட்டோரமே வெட்டிய மண்ணின் உச்சி. ஒரு யூனிட் எம்-சாண்ட் என்றால் நூறு கன அடி, ஏறக்குறைய நாலரை டன். அத்தனையும் கீழே குனிந்து வேலை செய்பவரின் தலைக்கு நேர் மேலே. ஒன்றரை மீட்டருக்கு மேல் ஆழம் போனால் முட்டுக் கொடுக்க வேண்டும், தோண்டிய மண்ணை விளிம்பிலிருந்து தள்ளிப் போட வேண்டும் என்கிறது தோண்டும் வேலைக்கான பாதுகாப்பு விதித்தொகுப்பு ஐ.எஸ். 3764. “இடமே இல்லையே, எங்கே தள்ளிப் போடுவது?” என்பது நமது வழக்கமான பதில். இடமில்லை என்றால் சரக்கைக் குறைத்துக் கொண்டுவர வேண்டும். அன்றன்றைக்கு வேண்டியதைச் சின்ன வண்டியில் ஏற்றுங்கள், தோண்டிய மண்ணை அன்றைக்கே டிப்பரில் அனுப்புங்கள். செலவு கூடும். அந்தச் செலவை எஸ்டிமேட்டில் தனி வரியாக எழுதுங்கள். எழுதாத செலவைக் காண்ட்ராக்டர் செய்யமாட்டார், உரிமையாளரும் தரமாட்டார்.

மனையின் முழு நீளத்தையும் ஒரே நாளில் பொக்லைன் விட்டு வழித்தெடுப்பதை அடியோடு நிறுத்த வேண்டும். இரண்டு மூன்று மீட்டராகப் பிரித்து, ஒன்று விட்டு ஒன்று வெட்டி, அந்தத் துண்டுக்குச் சுவர் எழுப்பி, அது தாங்கும் பலம் பெற்ற பிறகே இடைப்பட்ட துண்டில் கை வைக்கலாம். மே மாதச் சீசனுக்குள் காட்டேஜ் திறக்க வேண்டும் என்று உரிமையாளர் எவ்வளவு நெருக்கினாலும் இந்த வரிசை மாறக்கூடாது.

குழிக்குள் யார் நிற்கிறார்கள் என்று பாருங்கள். சித்தாள்தான். வெட்டிய மண்ணுக்கு முதுகைக் காட்டிக் குனிந்து, சட்டியில் மண் அள்ளிக்கொண்டிருப்பார். மேலே விரிசல் விட்டாலும் அவர் கண்ணில் படாது. இயந்திரம் ஓடும்போது கீழே ஒருவரும் இருக்கக்கூடாது. கீழே ஆள் இருக்கும்போது மேலே ஒருவர் விசிலோடு நிற்க வேண்டும். அவர் ஊதினால் யாரையும் கேட்காமல் வேலை நிற்க வேண்டும். ஒரு கன மீட்டர் ஈர மண் ஒன்றரை டன்னுக்கு மேல் இருக்கும். நெஞ்சளவு புதைந்தவருக்கு முகம் வெளியே இருந்தாலும் மூச்சு விட முடியாது. மீட்டெடுத்தாலும், பெரிய காயம் என்றால் மலையிறங்கிச் சேலம் அரசு மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் அந்தப் பாதையே மண் சரிந்து அடைபட்டது.

1996-ஆம் ஆண்டின் கட்டுமானத் தொழிலாளர் சட்டம், 500 பேர் வேலை செய்யும் இடத்தில்தான் பாதுகாப்பு அலுவலர் வேண்டும் என்றது. நம் தளங்களில் ஏழெட்டுப் பேர் இருப்பார்கள். ஆகவே வரைபடத்தில் கையெழுத்திடும் என்ஜினியரே அங்கே பாதுகாப்பு அலுவலர் என்பது இந்த இதழின் நிலைப்பாடு. அவர் கையெழுத்திடும் முன் ஒரு குறுக்குவெட்டுப் படமாவது வரைய வேண்டும்: பக்கத்து அஸ்திவாரம் எத்தனை அடி தள்ளி, எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது, மேல் வீட்டு செப்டிக் டேங்க் எங்கே, அதன் கசிவு எந்தப் பக்கம் இறங்குகிறது என்று. மேல் வீட்டுக்காரரைக் கேட்டு, நேரில் போய்ப் பார்த்து, படத்தில் குறித்த பிறகு பொக்லைனுக்கு அட்வான்ஸ் கொடுங்கள்.