பத்துப் பொருத்தம் பார்த்தாச்சு... ரத்தம் பார்த்தாச்சா?

எதிர் ஃப்ளாட் பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. ஆவணியில் தட்டு மாற்றினார்கள். முகூர்த்தம் தை மாதம். நடுவில் ஐந்து மாதம்.

வயது 26. சோழிங்கநல்லூரில் ஐ.டி. வேலை. நிச்சயதார்த்தம் வரை தினமும் காலை ஆறு மணிக்கு எங்கள் குடியிருப்பின் பின்பக்கம் ஷட்டில் ஆடுவாள். நான் மூச்சு வாங்கிக்கொண்டு வாக்கிங் போகும் நேரம் அது. ‘அங்கிள், ஒரு கேம் வர்றீங்களா?’ என்று வம்புக்கு இழுப்பாள். திடீரென்று ஷட்டில் சத்தம் நின்றுபோனது. லிஃப்ட்டில் பார்த்தபோது கேட்டேன்.

‘அம்மா வேண்டாம்னுட்டாங்க அங்கிள். வெயில்ல கறுத்துடுவேனாம்.’

‘சரி, வேற என்ன எக்ஸர்சைஸ்?’

‘ராத்திரி சாப்பாட்டைக் கட் பண்ணியாச்சு. காலையில வெந்நீரும் தேனும். ப்ளவுஸுக்குள்ள நுழையணுமே!’

இரண்டாவது மாடிக்குப் படியேறினாலே மூச்சு வாங்குகிறது என்றாள். தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறதாம். ‘கல்யாண டென்ஷன்’ என்று வீட்டில் எல்லோரும் ஒருமனதாக முடிவு செய்திருந்தார்கள். நான் டாக்டர் இல்லை. ஆனால், ஷட்டில் ஆடிக்கொண்டிருந்த பெண் இரண்டு மாடி ஏறுவதற்குள் இளைப்பது டென்ஷனில் இல்லை என்று தெரிந்துகொள்ள எம்.பி.பி.எஸ். தேவையில்லை. ரத்தப் பரிசோதனை செய்யச் சொன்னேன். செய்தாள். ஹீமோகுளோபின் 9.2. அந்த வயதுப் பெண்ணுக்குக் குறைந்தது 12 இருக்க வேண்டும்.

அன்று மாலையே அவளுடைய அம்மா என் வீட்டுக்கு வந்தார். மகளைப் பற்றிக் கவலையோடு வருகிறார் என்று நினைத்தேன். வந்தது வேறு கவலை.

‘சார், இந்த ரிப்போர்ட் விஷயம் வெளியில போக வேண்டாம். மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிஞ்சா, நோஞ்சான் பொண்ணைத் தலையில கட்டிட்டாங்கன்னு பேசுவாங்க.’

இந்த ஒரு வாக்கியம்தான் என்னை இந்த வாரம் எழுதவைக்கிறது. (அந்தப் பெண்ணின் அனுமதியோடுதான் எழுதுகிறேன். அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்.)

ரத்தசோகை ஒன்றும் அந்த வீட்டின் குடும்ப ரகசியம் இல்லை. தேசியக் குடும்ப நல ஆய்வு 2019-21 கணக்குப்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 சதவிகிதம் பேருக்கு ரத்தசோகை இருக்கிறது. இரண்டு பெண்களில் ஒருவருக்கு மேல். அதாவது, ‘நோஞ்சான் பொண்ணு’ என்று பேசப்போகிற அந்த மாமியாருக்கும் இருக்கலாம். நாத்தனாருக்கும் இருக்கலாம். யார் யாரிடம் மறைப்பது?

இந்த ஐந்து மாதத்தில் நாம் என்னவெல்லாம் பார்க்கிறோம் என்று யோசித்துப் பாருங்கள். பத்துப் பொருத்தம், செவ்வாய் தோஷம், மண்டபத்தில் ஏ.சி. சரியாக வேலை செய்கிறதா, பந்தியில் எத்தனை வகை, பட்டுச் சேலையின் ஜரிகை அசலா, போட்டோகிராபர் ட்ரோன் கொண்டுவருவாரா... எல்லாவற்றையும் இரண்டு தடவை பார்க்கிறோம். இத்தனை ஏற்பாடும் யாருக்காகவோ, அந்தப் பெண்ணின் உடம்பை மட்டும் ப்ளவுஸ் அளவுக்கு மேல் யாரும் பார்ப்பதில்லை. ஷட்டிலை நிறுத்திச் சோற்றையும் நிறுத்துகிறார்கள். அப்புறம் ‘இளைக்க’ ஒரு பேக்கேஜ், ‘வெளுக்க’ ஒரு பேக்கேஜ் என்று பணம் கட்டுகிறார்கள்.

வெளுக்கிற கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மருந்துக் கடையில் ‘ஃபேஸ் க்ரீம்’ என்று கேட்டு வாங்குகிற சின்ன ட்யூப்கள் பலவற்றில் இருப்பது ஸ்டீராய்டு. முதல் மாதம் முகம் பளபளக்கும். விடாமல் பூசினால் தோல் மெலியும், நரம்பு தெரியும், பரு கிளம்பும். நிறுத்தினால் முகம் எரியும். சரியாக முகூர்த்த நேரத்துக்கு! 2018-ல் மத்திய அரசு இந்த ஸ்டீராய்டு க்ரீம்களை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்ற பட்டியலுக்குக் கொண்டுவந்தது. சீட்டு இல்லாமல் கிடைக்கிறதா இல்லையா என்று உங்கள் தெருமுனைக் கடையில் நீங்களே விசாரித்துப் பாருங்கள்.

இன்னொரு ரகம், பாதரசம் கலந்தது. பாதரசம் தோலில் நிறமி உருவாவதைத் தடுக்கும். அதனால்தான் வெளுப்பு. ஆனால், அது தோலோடு நிற்பதில்லை, ரத்தத்தில் கலந்து சிறுநீரகம் வரை போகும். கேரளத்தில் கோட்டக்கல் பகுதி டாக்டர்கள் 2021 முதல் 2023 வரை தங்களிடம் வந்த நோயாளிகளில் ஒரு குறிப்பிட்ட வகைச் சிறுநீரகக் கோளாறு இருந்த 15 பேரை விசாரித்தார்கள். 13 பேர் சிவப்பழகு க்ரீம் பூசியவர்கள். போட்டோவில் ஒரு ஷேடு வெளுப்பாகத் தெரிவதற்கு நாம் கொடுக்கத் தயாராக இருக்கிற விலை, சிறுநீரகம்!

அடுத்தது, யாரும் வாய்விட்டுப் பேசாத மாத்திரை. முகூர்த்தத் தேதி குறிக்கும்போது ஜோசியரைக் கேட்டார்கள். மண்டபத்து மேனேஜரைக் கேட்டார்கள். சமையல்காரர் அன்றைக்கு ஃப்ரீயா என்று கேட்டார்கள். பெண்ணிடம் ‘உனக்கு அந்தத் தேதி சௌகரியமா?’ என்று கேட்டவர் எத்தனை பேர்? கடைசி நிமிடத்தில் ஒரு சித்தி விரலால் கணக்குப் போட்டுப் பார்த்துப் பதறுவார். உடனே மருந்துக் கடை. ‘தள்ளிப் போடற மாத்திரை.’

அந்த மாத்திரை பெரும்பாலும் நோரெதிஸ்டிரோன். மாதவிலக்கு எதிர்பார்க்கிற நாளுக்கு மூன்று நாள் முன்னால் ஆரம்பித்து, தினம் மூன்று வேளை போட வேண்டும். நிறுத்திய இரண்டு மூன்று நாளில் மாதவிலக்கு வந்துவிடும். ஒரே ஒரு தடவை, டாக்டரைக் கேட்டுப் போட்டால் பெரும்பாலான பெண்களுக்குப் பயமில்லை. ஆனால், ரத்தக்குழாயில் கட்டி உறைந்த சரித்திரம் இருப்பவர்களும், கல்லீரல் கோளாறு இருப்பவர்களும், கண்ணில் ஒளி தெறித்து ஒற்றைத் தலைவலி வருகிறவர்களும் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது. சித்திக்கு இது தெரியுமா? கடைப் பையனுக்குத் தெரியுமா? மாத்திரை வேண்டுமா, வேண்டாமா என்பதை அந்தப் பெண்ணும் அவளுடைய டாக்டரும் மட்டும் முடிவு செய்யட்டும். மாதவிலக்கோடு மணமேடையில் உட்கார்ந்தால் வானம் இடிந்துவிடாது.

இதையெல்லாம்விட என்னைக் கோபப்படுத்துவது, ஏற்கெனவே சாப்பிடுகிற மாத்திரையை மறைப்பது. தைராய்டுக்கு மாத்திரை சாப்பிடுகிற பெண்கள் ஏராளம். அதைக் காலையில் வெறும் வயிற்றில் போட வேண்டும். அப்புறம் அரை மணி, ஒரு மணி நேரம் காபிகூடக் கூடாது. புகுந்த வீட்டில் பொழுது விடியும்போதே காபி டம்ளர் கைக்கு வருமே, என்ன செய்வாள்? ‘முதல் மூணு மாசம் சமாளிச்சுக்கோ’ என்று பிறந்த வீட்டில் சொல்லி அனுப்புகிறார்கள். அந்த மூன்று மாதத்துக்குள் அவள் கர்ப்பமானால், வயிற்றுக் குழந்தையின் மூளை வளர்ச்சிக்கே அம்மாவின் தைராய்டு வேண்டும். சமாளிக்க வேண்டியது யார், அந்தச் சிசுவா?

வலிப்பு நோய் என்றால் கேட்கவே வேண்டாம். இந்து திருமணச் சட்டத்தில் 1976 திருத்தத்தின்படி திரும்பத் திரும்ப வரும் வலிப்பு, திருமணத்துக்கே தடையாக இருந்தது. 1999-ல் நாடாளுமன்றம் அந்தச் சொல்லை நீக்கிவிட்டது. சட்டம் திருந்தி கால் நூற்றாண்டு ஆகிவிட்டது, சம்பந்தி வீடுகள் இன்னும் திருந்தவில்லை. அதனால் மறைக்கிறார்கள். மறைப்பதற்காக மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு இன்னும் கடுமையாக வரும், உயிருக்கே ஆபத்து. நிறுத்தாமல் ரகசியமாகத் தொடர்ந்தாலும் சிக்கல் உண்டு. வால்ப்ரோயேட் என்ற மாத்திரையைச் சாப்பிடும்போது கர்ப்பமானால், சுமார் பத்தில் ஒரு குழந்தைக்குப் பிறவிக் குறைபாடு வர வாய்ப்பிருக்கிறது. கர்ப்பத்துக்கு முன்பே டாக்டரிடம் பேசி வேறு மருந்துக்கு மாற வேண்டும். மறைக்கிற வீட்டில் எப்படிப் பேசுவாள்?

இந்த இடத்தில் சில வாசகர்கள் என்னை மடக்குவீர்கள் என்று தெரியும். ‘ரத்தம் பாரு, தைராய்டு பாருன்னு ஆரம்பிச்சா, அதுவும் ஒரு புது வரதட்சணையாயிடும். ரிப்போர்ட்டைக் காட்டுன்னு கேட்டு, பொண்ணைத் தட்டிக் கழிப்பாங்க!’

நியாயமான பயம். நிறத்தையும் உயரத்தையும் காட்டித் தட்டிக் கழித்தவர்கள் ஹீமோகுளோபினை விட்டுவைப்பார்களா? அதனால்தான் தெளிவாகச் சொல்கிறேன். நான் கேட்பது பெண்ணைப் பொறுக்குவதற்கான டெஸ்ட் இல்லை, பெண்ணுக்கான வைத்தியம். ரிப்போர்ட் அவளுடைய சொத்து. யாரிடம் காட்டுவது என்பது அவள் முடிவு. தாலி கட்டப்போகிறவனிடம் அவளே சொன்னால் நல்லது. ஆனால், அவனும் தன் ரிப்போர்ட்டோடு வந்து உட்காரட்டும். சர்க்கரை, ரத்த அழுத்தம், குடி, புகை, எல்லாவற்றையும் அவனும் சொல்லட்டும். ‘மாப்பிள்ளைக்கு எதுக்கு சார் டெஸ்ட்?’ என்று கேட்கிற வீட்டில் பெண் கொடுக்காதீர்கள். அதைவிடத் துல்லியமான டெஸ்ட் எந்த லேபிலும் கிடையாது.

செய்ய வேண்டியது மலையைப் புரட்டுகிற வேலையும் இல்லை.

ரத்தசோகை இருந்தால் டாக்டர் சொல்கிற இரும்புச் சத்து மாத்திரை. அதைக் காபி, டீயோடு சாப்பிடாமல், எலுமிச்சை ஜூஸோடு சாப்பிட்டால் நன்றாகச் சேரும். ரத்தம் தேறி, உடம்பில் இருப்பும் சேர மூன்று மாதம் முதல் ஆறு மாதம் ஆகும். நிச்சயத்துக்கும் முகூர்த்தத்துக்கும் நடுவில் இருக்கிற அதே அவகாசம்!

ருபெல்லா தடுப்பூசி. தமிழ்நாட்டில் 2017-ல் நடந்த தட்டம்மை-ருபெல்லா முகாமில் 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்குத்தான் போட்டார்கள். அன்று 16, 17 வயதில் இருந்த பெண்கள்தான் இன்றைய கல்யாணப் பெண்கள். சின்ன வயதில் போட்டார்களா என்று விசாரியுங்கள். கர்ப்பத்தின் ஆரம்பத்தில் ருபெல்லா வந்தால் குழந்தையின் கண், காது, இதயம் பாதிக்கப்படலாம். கர்ப்பமான பிறகு இந்த ஊசியைப் போட முடியாது. போட்ட பிறகு ஒரு மாதம் கர்ப்பம் தரிக்கக் கூடாது. கல்யாணத்துக்கு முன்னால் இதைவிட நல்ல நேரம் ஏது?

ஃபோலிக் அமிலம், தினம் 400 மைக்ரோகிராம். குழந்தையின் முதுகுத்தண்டு உருவாகும் குழாய், கரு உண்டாகி 28 நாளுக்குள் மூடிக்கொள்கிறது. பல பெண்களுக்குத் ‘தள்ளிப் போயிருக்கிறது’ என்று தெரியவருவதே அதற்குப் பிறகுதான். கல்யாணமான மறு மாதமே ‘விசேஷம் உண்டா?’ என்று விசாரிக்கிற சொந்தக்காரர்களே, கல்யாணத்துக்கு முன்பே இந்த மாத்திரையை வாங்கிக் கொடுத்துவிட்டு விசாரியுங்கள். அதுவும் அவள் இப்போது குழந்தை வேண்டும் என்று சொன்னால் மட்டும்.

மாமன் மகன், அத்தை மகன் என்று சொந்தத்தில் முடிக்கிறவர்கள், தமிழ்நாட்டில் நான்கில் ஒருவருக்கு மேல், மரபணு ஆலோசனை தருகிற டாக்டர் ஒருவரையும் பார்த்துவிடுங்கள். சொத்து வெளியே போகக் கூடாது என்றுதான் சொந்தத்தில் முடிக்கிறீர்கள். பரம்பரை நோயும் அதே மாதிரி வீட்டுக்குள்ளேயே தங்கிவிடும்.

எதிர் ஃப்ளாட்டுக்குத் திரும்புகிறேன். பெண் இரும்பு மாத்திரை சாப்பிட ஆரம்பித்துவிட்டாள். ராத்திரி இட்லியும் திரும்பி வந்துவிட்டது. வருங்கால மாப்பிள்ளைக்கு அவளே போன் செய்து விஷயத்தைச் சொன்னாளாம். ‘எங்க அக்காவுக்கும் இதே ப்ராப்ளம்’ என்றானாம் அவன். அவ்வளவுதான் நடந்தது.

ஆனால், அவளுடைய அம்மாவுக்கு இன்னும் ஒரு சந்தேகம் பாக்கி. நேற்று வாசலில் மறித்துக் கேட்டார்.

‘சார், இந்த மாத்திரை சாப்பிட்டா கறுக்குமாமே?’

‘கறுக்கும்மா’ என்றேன். ‘ஆனா முகம் இல்லை. எதுன்னு டாய்லெட்ல பார்த்துக்கச் சொல்லுங்க. அதை எந்த போட்டோகிராபரும் ட்ரோன் விட்டுப் படம் எடுக்கப்போறதில்லை.’