ஏடும் மண்ணும்

திருக்குறளின் 104ஆம் அதிகாரமாகிய உழவினை யான் ஆண்டுதோறும் கற்பித்து வருகின்றேன். மாணாக்கர் பத்துக் குறட்பாக்களையும் பிழையின்றி ஒப்புவிப்பர்; பதவுரையும் பொழிப்புரையும் எழுதுவர். ஆயின், கத்தரி நாற்றினை எவ்வாறு நடுவதென வினவின் விழிப்பர். குறை அவருடையதன்று, வகுப்பறையை விட்டு அவரை யான் வெளியே அழைத்துச் சென்றேனல்லேன்.

ஐக்கிய அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் மாநிலத்து லிங்கன் என்னும் ஊரில் 1991இல் ‘உணவுத் திட்டம்’ என்னும் அமைப்புத் தோன்றிற்று. ஆங்கே பொஸ்ரன் நகரத்து இளைஞரும் புறநகர்ப் பிள்ளைகளும் ஒருங்கே களை பறித்தனர். வேலைக்கு ஊதியமும் பெற்றனர். விளைந்த மரக்கறியில் ஒரு பகுதி, பருவத் தொடக்கத்திலேயே பங்குப்பணம் செலுத்திய குடும்பங்களுக்குச் சென்றது. பிறிதொரு பகுதி பசித்தோர்க்குச் சென்றது. மழை பொய்ப்பினும் பூச்சி அரிப்பினும் அவ்விழப்பை உழுவோருடன் பங்காளரும் தாங்கினர். ஒப்புரவு என நாம் கரும்பலகையில் எழுதுவதனை அப்பிள்ளைகள் கையாற் பயின்றனர்.

“படிக்கின்ற பிள்ளைக்கு மண்வெட்டி எதற்கு?” எனப் பெற்றோர் கேட்பர். 2022ஆம் ஆண்டின் நெருக்கடியில் மரக்கறி விலை கேட்டு வெறுங்கையுடன் மீண்டவர் பலர்; விடையை அவர் அறிவர்.

வரும் மாரியில் எம் கல்லூரிக் காணியிற் பத்துப் பாத்திகள் அமைப்போம், குறளுக்கு ஒன்றாக. முதற் பாத்தியை யானே கொத்துவேன். ஆசிரிய அன்பர்களும் தத்தம் பள்ளிகளில் இதனைத் தொடங்குவார்களாக.