உயிர்க்கல்லா? உலர்கல்லா?

நம் மன்றத்தின் ஆண்டு விழாவிற்கு இன்னும் இருபத்தைந்து நாட்களே இருக்கின்றன. விழாக் கண்காட்சியில் கடல்நீர் மீன்தொட்டி ஒன்று வைப்பதென்று செயற்குழு முடிவு செய்திருக்கிறது. அறுபது லிட்டர் நீர் கொள்ளும் சிறு தொட்டி. நல்ல எண்ணம், மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால், அத்தொட்டியில் எந்தக் கல்லை வைப்பது என்பதில் நண்பர்கள் இரு கட்சியாகப் பிரிந்து நிற்கின்றனர். கடலிலிருந்து ஈரம் உலராமல் எடுத்துவரும் உயிர்க்கல்தான் வேண்டும் என்பது ஒரு கட்சி. உயிரற்ற உலர்கல்லே போதும் என்பது மறு கட்சி. நான் இரண்டாம் கட்சியைச் சேர்ந்தவன். ஏன் என்பதைச் சொல்லவே இக்கட்டுரை.

“ஒரு கல்லுக்கா இத்தனை பேச்சு?” என்று சிலர் நகைப்பர். நகைக்கட்டும். கடல்நீர்த் தொட்டியில் கல் என்பது அழகுக்காக மட்டும் வைக்கும் பொருளன்று. மீனின் கழிவும், தின்னாமல் விட்ட இரையும் அழுகி அம்மோனியாவாகின்றன. அம்மோனியா மீனுக்கு நஞ்சு. ஒருவகை நுண்ணுயிர்கள் அதை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. அதுவும் நஞ்சே. வேறொரு வகை நுண்ணுயிர்கள் அந்த நைட்ரைட்டைத் தீங்கு குறைந்த நைட்ரேட்டாக மாற்றுகின்றன. கல்லின் உள்ளே, ஆக்சிஜன் எட்டாத ஆழத்தில் வாழும் இன்னும் சில நுண்ணுயிர்கள் நைட்ரேட்டைச் சிதைத்து நைட்ரஜன் வாயுவாக வெளியேற்றுகின்றன. இத்தனைக்கும் இருப்பிடம் தருவது நுண்துளைகள் நிறைந்த கல். மனித உடலுக்குச் சிறுநீரகம் எப்படியோ, தொட்டிக்குக் கல் அப்படி.

உயிர்க்கல் கட்சியாரின் வாதத்தில் நியாயம் இல்லாமலில்லை. பழம் பவளத்தின் கூட்டிலே நுண்ணுயிர்கள் முன்பே குடியேறியிருக்கின்றன. ஊதா நிறக் கற்பாசி படர்ந்திருக்கிறது. கடற்பஞ்சும் புழுவும் சிறு நண்டும் வாழ்கின்றன. வைத்த சில நாட்களிலேயே தொட்டி பழகிவிடும் என்கிறார்கள். உலர்கல்லோ நான்கு முதல் எட்டு வாரம் வரை காத்திருக்கச் சொல்கிறது. விழாவோ வாசலில் நிற்கிறது. ஆகவே உயிர்க்கல் என்கிறார்கள்.

அந்த அவசரத்தை நான் அறிவேன். சென்ற ஆண்டு நானே அதற்கு இரையானவன். விடுதி அறையில் சிறு தொட்டி வைத்தேன். ஒரு கடையில் நான்கு கிலோ உயிர்க்கல் கிடைத்தது. ஈரத்தாளில் சுற்றி, பேருந்தில், நடுப்பகல் வெயிலில் கொண்டுவந்தேன். அன்று மாலையே இரண்டு கோமாளி மீன்களையும் விட்டேன். மறுநாள் அறை முழுவதும் அழுகிய முட்டை நாற்றம். மூன்றாம் நாள் காலையில் இரண்டு மீன்களும் மிதந்தன. கல்லின் மேலிருந்த உயிர்களிற் பல வழியிலேயே மடிந்து, தொட்டியில் அழுகி, நீரை அம்மோனியாவாக்கிவிட்டன. உயிர்க்கல் என்று நான் வாங்கியது பாதிச் சவம். கடைக்காரரை நான் குறை கூறவில்லை. கேட்காமல், படிக்காமல் வாங்கியது என் குற்றம்.

அதைவிடப் பெரிய குற்றம் ஒன்றைப் பின்னர்தான் அறிந்தேன். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதற் பட்டியலில், புலியும் யானையும் இருக்கும் அதே பட்டியலில், 2001-இல் பவளங்கள் சேர்க்கப்பட்டன. நம் கடலிலிருந்து பவளக் கல்லை எடுப்பதும் விற்பதும் சிறைத் தண்டனைக்குரிய குற்றம். உயிருள்ள பவளம் மட்டுமன்று, இறந்த பவளமும் அப்படியே. எனவே உலர்கல் என்ற பெயரில் வெளுத்த பவளக் கூட்டை யாரேனும் நீட்டினால், அதையும் நாம் தொடலாகாது.

சட்டம் ஏன் இத்தனை கடுமை காட்டுகிறது? மன்னார் வளைகுடாவைப் பாருங்கள். இராமேசுவரத்திற்கும் தூத்துக்குடிக்கும் இடையே கிடக்கும் 21 தீவுகளையும் அவற்றைச் சூழ்ந்த கடலையும் 1986-இல் தேசியப் பூங்காவாக அறிவித்தனர். அதற்கு முன்னும் பின்னும் பல்லாண்டுக் காலம் சுண்ணாம்புக்காகவும் ஆலைகளுக்காகவும் அங்கே பவளக் கல்லை வெட்டி எடுத்தார்கள். அலையைத் தடுத்து நின்ற பாறை போயிற்று. பூவரசன்பட்டி, விலங்குச்சல்லி என்னும் இரு தீவுகள் நீருக்குள் மறைந்தன. எஞ்சிய பவளங்களையும் 2010-இலும் 2016-இலும் கடல் வெப்பம் வெளுக்கச் செய்தது. நம் விடுதியில் தூத்துக்குடிக் கடலோர நண்பன் ஒருவன் இருக்கிறான். அவன் ஊரார் பவளப் பாறையைப் ‘பார்’ என்பார்கள். உயிர்க்கல் பேச்சு எழுந்தபோது அவன் கேட்டான்: “பாரைப் பேத்து எடுத்தா மீன் எங்கடா போய் ஒதுங்கும்? எங்கப்பா வலையில என்னடா விழும்?” நம்மில் யாரும் மறுமொழி சொல்லவில்லை.

நான் போனக்காட்டில் பிறந்தவன். கடலைக் கண்டதே பள்ளிச் சுற்றுலாவில்தான். அகத்தியர் மலைக்கு நடப்போர் எங்கள் ஊர் வழியேதான் செல்வார்கள். அம்மலைச் சரிவில் பிறக்கும் கரமனையாறு பேப்பாறை அணையில் தேங்கி, திருவனந்தபுரத்திற்குக் குடிநீராகிறது. சிறுவயதில் ஓடையில் நண்டு பிடிக்கப் போவோம். அப்பா சொல்வார்: “தம்பி, கல்லைப் புரட்டுனா புரட்டுன மாதிரியே திருப்பி வச்சிட்டு வா. அதுக்கடியில ஒரு குடும்பம் இருக்கு.” அப்போது அது விளங்கவில்லை. நாற்றமடித்த தொட்டியின் முன் நின்றபோது விளங்கிற்று.

“அப்படியானால் உங்கள் ஊர்க் கல்லையே கொண்டுவாயேன்” என்று ஒரு நண்பர் கேட்டார். அது பயன்படாது. எங்கள் மலைக்கல் இறுகிய கருங்கல். துளையில்லாததால், அதன் மேற்பரப்பில் மட்டுமே நுண்ணுயிர் தங்கும், உள்ளே இடமில்லை. நமக்கு வேண்டியது நிலத்திலிருந்து வெட்டிய, துளைகள் மிகுந்த சுண்ணாம்புக் கல்; அல்லது சிமெண்டினாலோ சுட்ட மண்ணினாலோ செய்த செயற்கைக் கல். சிமெண்டுக் கல்லாயின் பல வாரம் நன்னீரில் ஊறவைத்துக் காரத்தைப் போக்க வேண்டும். எந்தக் கல்லானாலும் தேய்த்துக் கழுவிய பிறகே தொட்டியில் இட வேண்டும்.

உலர்கல் என்றும் உலர்கல்லாகவே இராது. லிட்டருக்குச் சுமார் 35 கிராம் கடலுப்புக் கலந்த நீரில் அதை வைத்து, நீரோட்டம் கொடுத்து, சிறிதளவு அம்மோனியா சேர்த்து, புட்டியில் விற்கும் நுண்ணுயிர்க் கரைசலை ஊற்றினால், சில வாரங்களில் அதுவே உயிர்க்கல்லாகிறது. அம்மோனியா முதலில் ஏறி இறங்கும். பிறகு நைட்ரைட் ஏறி இறங்கும். இரண்டும் சுழியைத் தொட்ட பின் மீன் விடலாம். மீனைக் கொல்லும் இறாலோ, தொட்டியை நிறைத்துவிடும் களைச் சாமந்தியோ கல்லோடு ஒளிந்து வரும் அச்சமும் இல்லை.

வெறுங்கல்லில் உயிர் வருமா என்று ஐயுறுவோர்க்கு இரண்டு சான்றுகள் சொல்வேன். அமெரிக்காவில் ஃபுளோரிடாக் கடலில் உயிர்க்கல் எடுப்பது 1990-களில் தடுக்கப்பட்டது. அதன்பின் அங்குள்ளோர் நிலத்துச் சுண்ணாம்புக் கல்லைக் கடலடியில் இட்டு, உயிர் படிந்த பிறகு எடுத்து விற்கின்றனர். நம் தூத்துக்குடியருகே தேய்ந்து வந்த வான்தீவைக் காக்கச் சிமெண்டுக் கட்டுகளைக் கடலில் இறக்கினார்கள். இன்று அவற்றின் மேல் பவளம் வளர்கிறது. இரண்டு இடத்திலும் மனிதன் செய்தது கல்லை வைத்ததும் காத்திருந்ததுமே.

எங்கள் ஊரிலும் அதைத்தான் காண்கிறேன். தேயிலைத் தொழிற்சாலை ஓய்ந்து பல ஆண்டுகளாயின. கூலி நின்ற பிறகும் லயங்களில் எங்கள் மக்கள் சிலர் வாழ்கின்றனர். வெட்டாமல் விட்ட தேயிலைச் செடிகள் மரமாகி நிற்கின்றன. ஓய்ந்த சுவர்களில் பாசியும் பெரணியும் ஏறிவிட்டன. யாரும் கொண்டுவந்து ஒட்டவில்லை.

ஆகவே மன்றத்தாருக்கு என் வேண்டுகோள் இது. உலர்கல்லை வாங்கி இன்றே தொட்டியைத் தொடங்குவோம். விழா நாளில் மீன் இல்லாமலே அதைக் காட்சிக்கு வைப்போம். அருகில் ஒரு பலகை. அதில் நாள்தோறும் நாம் அளந்த அம்மோனியா, நைட்ரைட் அளவுகள். வருவோர்க்கு நம் மாணவர் நின்று விளக்கட்டும். கடல் எப்படித் தன்னைத் தானே தூய்மை செய்து கொள்கிறது என்பதை, இரண்டு மீன்களைக் காட்டுவதைவிட அந்தப் பலகை நன்றாகச் சொல்லும். விழா முடிந்து நீர் பழகியதும், கடலில் பிடித்தவற்றை விடுத்து, பண்ணையில் பிறந்த கோமாளி மீன்களாகப் பார்த்து இரண்டு வாங்கி விடுவோம்.

“மீனில்லாத மீன்தொட்டியா?” என்று கேட்டுச் சிரிப்போர் இருப்பர். அவர்களைப் பொங்கலுக்குப் பிறகு ஒருமுறை வந்து பார்க்கச் சொல்லுங்கள்.