நிழலில் எடுத்த கணக்கு

கோடை வந்துவிட்டால் வானிலை ஆர்வலர்கள் ஏட்டைப் புரட்டுகிறார்கள். 2003 மே 31-இல் சென்னை நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி செல்சியஸ். இவ்வாண்டு அதை மிஞ்சுமா என்று வாதிடுகிறார்கள். வாதிடட்டும், அந்த ஆர்வத்தை வரவேற்கிறோம். ஆனால் ஒன்று சொல்வோம்: அது காற்றோட்டமுள்ள வெள்ளைப் பெட்டிக்குள், நிழலில் எடுத்த கணக்கு! உளுந்தூர்பேட்டைக் கரும்புத் தோட்டத்துக் கூலியாளுக்கு அந்த நிழல் உண்டா? சாலையிலே தார் ஊற்றுவோருக்கு உண்டா?

2024-இல் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்பத்தால் மாண்டோர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் என்றது. நன்று. எனினும், மாண்டபின் வரும் பணத்தினும் மாளாமல் காக்கும் பந்தலும், குடிநீரும், கூலி குறையாத நண்பகல் ஓய்வும் அன்றோ முதற்கடமை? வெப்பமானிக்குத் தந்த நிழலை உழைப்பவனுக்கும் தருக என்கிறோம்!