குழந்தைக்கு வாந்தி பேதியா? தொக்கம் எடுக்கப் போறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

சுந்தரபாண்டியபுரத்துல சூரியகாந்தி, குற்றாலத்துல சாரல். சீசன் வந்தா வீட்டுக்கு வீடு சொந்தக்காரங்க. அவங்க கிளம்பின கையோட ஓ.பி.யில ஒரே பல்லவி: "டாக்டர், சிக்கன் ஒத்துக்கல."

சிக்கனா, வைரஸான்னு பாதி நேரம் நீங்களே கண்டுபிடிக்கலாம். சேர்ந்து சாப்பிட்ட எல்லாரும் சில மணி நேரத்துல ஒண்ணா வாந்தி எடுத்தா சாப்பாட்டைச் சந்தேகப்படுங்க. முதல் நாள் பேரன், மறுநாள் அக்கா, மூணாம் நாள் பேரனைக் கழுவிவிட்ட ஆச்சின்னு வரிசையா விழுந்தா அது பெரும்பாலும் வைரஸ்.

திடீர் வாந்தி, தண்ணியா பேதி, வயித்துப் பிடிப்பு, லேசான காய்ச்சல். நோரோ வைரஸ்னா 1 முதல் 3 நாள்ல அடங்கும். கைக்குழந்தைகளைப் பிடிக்கிற ரோட்டா ஒரு வாரம்கூட இழுக்கும். மலத்துல ரத்தம் வந்தா கதை வேற, உடனே கூட்டிட்டு வாங்க.

எனக்கு வைரஸைவிட பயம், வீணாப்போற அந்த ரெண்டு நாள்தான். போன சீசன்ல ஒரு வயசுக் குழந்தை வந்துச்சு. கண்ணு உள்ள போயிருக்கு, அழுதா கண்ணீர் இல்ல, காலையிலருந்து ஒண்ணுக்குப் போகல. "தொக்கம் எடுத்தோம் டாக்டர், சோத்துப் பருக்கை வந்துச்சு, ஆனா நிக்கல"ங்கிறாங்க அம்மா. தொண்டையில பருக்கை மாட்டினா இருமல் வரும், மூச்சு முட்டும். பேதி எப்படிங்க ஆகும்? நல்லவேளை, டிரிப்ஸ் போட்டுப் பிழைச்சிட்டான். இன்னொரு ராத்திரி தாமதிச்சிருந்தா என்ன ஆயிருக்கும்னு யோசிக்கவே பிடிக்கல.

அந்த அம்மாவை நான் திட்டல. வாந்தி எடுக்கிற பிள்ளைக்குத் தண்ணி கொடுக்கக் கூடாதுன்னு வீட்டுல நாலு பேர் சொன்னா பாவம் அவங்க என்ன செய்வாங்க? ஆனா கொடுக்கணும். வாந்தி எடுத்ததும் 10 நிமிஷம் விட்டுட்டு ஸ்பூன் ஸ்பூனா ஓ.ஆர்.எஸ். கொடுங்க. பெரிய பாக்கெட்டைப் பிரிச்சா முழுசா 1 லிட்டர் தண்ணியில கரைக்கணும். டம்ளர்ல கொஞ்சமா கரைச்சா உப்பு கூடி ஆபத்து. 24 மணி நேரத்துக்கு மேல வைக்காதீங்க. தாய்ப்பாலை நிறுத்தாதீங்க. கூட துத்தநாக மாத்திரை 14 நாள், பேதி நின்னாலும்.

பேதியை "நிறுத்துற" மாத்திரையைக் குழந்தைக்கு நீங்களா வாங்கிக் கொடுக்கவே கூடாது. ஆன்டிபயாட்டிக் வைரஸை ஒண்ணும் செய்யாது.

அட்டைப் பெட்டியில விக்கிற இனிப்புத் தண்ணி ஓ.ஆர்.எஸ். இல்லீங்க. உலக சுகாதார நிறுவன அளவுல இல்லாத பானத்துக்கு அந்தப் பேரே போடக்கூடாதுன்னு 2025 அக்டோபர்ல எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. உத்தரவே போட்டுச்சு.

அப்புறம், நோரோகிட்ட சானிடைசர் பருப்பு அவ்வளவா வேகாது. பிள்ளையைக் கழுவிவிட்ட கையை சோப்பு போட்டுக் கழுவுங்க, ஆச்சிகிட்டயும் சொல்லுங்க.

ரோட்டாவுக்குத் தடுப்பு மருந்து இருக்கு. தமிழ்நாட்டுல 2017லிருந்து அரசு அட்டவணையிலேயே இலவசம்: 6, 10, 14ஆம் வாரம். உங்க பிள்ளை அட்டையில மூணும் டிக் ஆகியிருக்கான்னு இப்பவே பாருங்க. விட்டுப்போயிருந்தா கிராம சுகாதார செவிலியர்கிட்ட காட்டிக் கேளுங்க.