மூடி அளவு

ஆட்டின் புண்ணில் புழு வைத்தால் ஈயைத் திட்டிவிட்டுப் போனவர்கள் நாங்கள். திருக்கழுக்குன்றம் தொடங்கி மாமல்லபுரம் வரை மெட்ராஸ் சிவப்புச் செம்மறி வளர்க்கும் எல்லோரையும் சேர்த்துத்தான் சொல்கிறோம்.

எங்கள் ஆட்டுக்குக் கம்பளி கிடையாது. ஆஸ்திரேலிய ஆடுகளுக்கு நேர்வதுபோல் நனைந்த கம்பளியில் ஈ முட்டையிட இங்கே வழியில்லை. அதற்கு ஒரு புண் வேண்டும். புண்ணை நாங்கள் வைத்துக் கொடுத்தோம். பிறந்த குட்டியின் தொப்புள் கொடிக்கு டிங்சர் அயோடின் தடவவில்லை. ஐப்பசி மழையில் கிடாக்களுக்குக் காயடித்தோம். சீமைக்கருவேல முள் கீறியதையும் தெருநாய் கடித்ததையும், பட்டிக்குத் திரும்பிய ஆட்டைப் புரட்டிப் பார்த்தால் கண்டிருக்கலாம். நாற்றம் எழுந்த பிறகே பார்த்தோம்.

கிரைசோமியா பெசியானா என்கிற ஈ, புண்ணின் ஓரத்தில் நூற்றுக்கு மேல் முட்டைகளை ஒட்டிவைக்கும். ஒரு நாளுக்குள் பொரித்த புழுக்கள் தலைகீழாகச் சதைக்குள் இறங்கும். மூச்சுத்துளை பின்பக்கம் இருப்பதால் வால் மட்டும் வெளியே தெரியும். டர்பன்டைன் நனைத்த பஞ்சை வைத்தால் மூச்சுமுட்டி மேலே வரும், இடுக்கியால் எடுத்துவிடலாம். எடுத்ததைக் கொல்ல வேண்டுமே! வேலியோரம் வீசினோம். முற்றிய புழுவுக்கு மண் போதும், கூட்டுப்புழுவாகி ஈயாகிவிடும்.

மருந்துக் கதை இதைவிட மோசம். கத்திரிக்கு அடித்த மிச்சத்தைப் புண்ணில் ஊற்றியவர்கள் எங்களில் உண்டு. உண்ணிக்கான டெல்டாமெத்ரினை மூடி அளவில் கலந்தோம். கையில் காசில்லாத மாதம் அரை மூடி. ஐவர்மெக்டின் ஊசி 50 கிலோ எடைக்கு 1 மில்லி என்பது கணக்கு. எடையைக் கண்ணாலேயே நிறுத்தோம். குறைந்த மருந்தில் சாகாமல் தப்புவதுதான் அடுத்த தலைமுறையைப் பெறுகிறது. ‘மருந்து முன்ன மாதிரி கேக்கல’ என்று கடையில் வேறு பெயர் கேட்டால், பல நேரம் அதே மருந்துதான் வேறு அட்டைப்பெட்டியில் வந்தது. இந்திய மாட்டு உண்ணிகள் டெல்டாமெத்ரினைத் தாங்கப் பழகியது ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது. ஆஸ்திரேலியாவின் ஆட்டு ஈக்களிடம் டீல்ட்ரின் 1950-களிலும் டயசினான் 1960-களிலும் தோற்றன.

1954-இல் குராசாவ் தீவில் அமெரிக்கர்கள் மலடாக்கிய ஆண் ஈக்களைப் பறக்கவிட்டு, கிரைசோமியாவின் உறவுக்கார ஈயை அங்கே ஒழித்தார்கள். அது அரசாங்கங்கள் செய்கிற வேலை. தொப்புள் கொடி எங்கள் வேலை.

மெட்ராஸ் சிவப்பை ஆராயும் நிலையம் எங்கள் மாவட்டத்துக் காட்டுப்பாக்கத்திலேயே இருக்கிறது. 1962 என்ற எண்ணுக்கு அழைத்தால் கால்நடை ஆம்புலன்ஸ் வரும். நாங்கள் அழைத்தது வியாபாரியை. ஊசி போட்ட மறுவாரமே பாதி விலைக்குப் பிடித்துக் கொடுத்தோம். மருந்து சதையிலிருந்து இறங்க வாரக்கணக்கில் ஆகும் என்பது தெரிந்தவர்களும் வாய் திறக்கவில்லை. அந்தக் கறி கிழக்குக் கடற்கரைச் சாலையில் யார் இலைக்குப் போனதென்று இதுவரை ஒருவரும் விசாரித்ததில்லை.