இரட்டைப் பாடம் யாருக்காக?



என் தங்கை மகள் மூணாறு மலையில், தேயிலைத் தோட்டத்து லயத்தில் வளர்ந்தவள். இப்போது கொழிஞ்சாம்பாறைப் பக்கம் உள்ள என் வீட்டில் தங்கிக் கல்லூரிக்குப் போய் வருகிறாள். பொருளாதாரம் அவளுடைய பாடம். முதலாண்டு முடியும் தறுவாயில் ஒருநாள் மாலை என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "மாமா, பொருளாதாரத்தை மட்டும் மேஜராப் படிக்கட்டுமா? இல்ல, தமிழையும் சேர்த்து டபுள் மேஜர் எடுக்கட்டுமா? ரெண்டு நாள்ல எழுதிக் கொடுக்கணும்" என்றாள்.

"இதென்ன கேள்வி அம்மிணி? தமிழையும் எடு" என்றேன். முப்பது ஆண்டுகளாகச் சங்கத்தில் நாற்காலி தூக்கியவன் வேறென்ன சொல்வேன்? ஆனால் அவள் விடவில்லை. "தமிழ் டிபார்ட்மெண்ட்டுல ஆள் குறைஞ்சிடக் கூடாதுன்னு சொல்றீங்களா, எனக்கு நல்லதுன்னு சொல்றீங்களா?" என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. அன்றிரவு யோசித்ததையே இங்கு எழுதுகிறேன்.

இந்தக் குழப்பம் எங்கிருந்து வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். கேரளத்தில் 2024 ஜூலை 1-ஆம் தேதி நான்காண்டுப் பட்டப்படிப்பு தொடங்கியது. மூன்றாண்டில் 133 கிரெடிட் முடித்தால் பட்டம் வாங்கிக்கொண்டு வெளியே வரலாம். நான்காம் ஆண்டும் படித்து 177 கிரெடிட் முடித்தால் ஹானர்ஸ் பட்டம். ஒரு கிரெடிட் என்பது ஏறத்தாழப் பதினைந்து மணி நேர வகுப்பு. ஒரே மேஜர் எடுக்கலாம். மேஜருடன் மைனர் சேர்க்கலாம். இரண்டு மேஜர்களும் எடுக்கலாம். இது பழைய பி.ஏ.வில் நாம் கண்ட மெயின், சப்சிடியரி போன்றதல்ல. அங்கே பாடத்திட்டம் நமக்காக முடிவெடுத்தது. இங்கே பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பிள்ளை முடிவெடுக்க வேண்டும். எல்லைக்கு அப்பால் பொள்ளாச்சியிலும் தேனியிலும் மூன்றாண்டுப் படிப்பே தொடர்வதால், அங்குள்ள உறவினரிடம் யோசனை கேட்டாலும் அவர்களுக்குச் சொல்லத் தெரிவதில்லை.

டபுள் மேஜர் என்றால் இரண்டு பட்டங்கள் என்று பல பெற்றோர் நினைக்கிறார்கள். அது தவறு. பட்டம் ஒன்றுதான். இரண்டு பட்டங்களை ஒரே சமயத்தில் படிப்பதற்கு யு.ஜி.சி. 2022-இல் அனுமதி கொடுத்தது. அது வேறு விஷயம். டபுள் மேஜரில் அந்த 133 கிரெடிட்டுக்குள்ளேயே இரண்டாவது பாடத்துக்கும் இடம் ஒதுக்குகிறோம். மைனராக வேறொன்றைத் தொட்டுப் பார்க்கும் சுதந்திரம் குறைகிறது. ஒரே மேஜர் எடுத்தவன் அந்தப் பாடத்தில் போகும் ஆழத்துக்கு இவன் போவது கடினம். எங்கள் மாப்பிள்ளை போனில் சொன்ன "ஆத்துல ஒரு கால், சேத்துல ஒரு கால்" என்ற பேச்சில் பாதியாவது உண்மை இருக்கிறது.

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். 1956 நவம்பர் 1-ஆம் தேதி மாநில எல்லைகள் வகுக்கப்பட்டபோது தேவிகுளமும் பீர்மேடும் சித்தூரும் கேரளத்தில் அமைந்தன. அன்று முதல் நம் பிள்ளைகளின் வாழ்வே இரட்டைப் பாடம்தான். வீட்டில் தமிழ், கடைத்தெருவில் மலையாளம், கல்லூரியில் ஆங்கிலம். இதைச் சுமையாகவே பார்த்துப் பழகிவிட்டோம். இது மூலதனமாகும் இடங்களும் உள்ளன. தமிழும் மலையாளமும் அறிந்த எழுத்தர் என்றே கேரள பி.எஸ்.சி. தனியாக ஆள் எடுக்கிறது. உயர்நிலைப் பள்ளித் தமிழாசிரியர் வேலைக்குத் தமிழில் பட்டமும் பி.எட்.டும் கே-டெட் தேர்ச்சியும் வேண்டும். பொருளாதாரம் ஒரு வாசலைத் திறந்தால் தமிழ் இன்னொன்றைத் திறக்கலாம்.

நம் கேரளத்து மண்ணிலேயே இதற்கு ஒரு முன்னோடி உண்டு. 1855-இல் ஆலப்புழையில் பிறந்த சுந்தரம் பிள்ளை, திருவனந்தபுரம் கல்லூரியில் தத்துவப் பேராசிரியர். மனோன்மணீயம் நாடகத்தை 1891-இல் வெளியிட்டவர் அவரே. திருவிதாங்கூர்க் கல்வெட்டுகளைத் தேடிப் படித்து அரசர்களின் காலத்தை ஆராய்ந்தவரும் அவரே. தத்துவம் சோறு போட்டது. தமிழ் பெயர் கொடுத்தது. ஒன்று மற்றொன்றைக் கெடுக்கவில்லை. ஆனால் அவரை யாரும் படிவம் கொடுத்துத் தமிழ் படிக்க வைக்கவில்லை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

ஆகவே என் கருத்து இதுதான். இரண்டாவது பாடம் பிள்ளையின் விருப்பமாக இருக்க வேண்டும்; சங்கத்தின் விருப்பமாக இருக்கக் கூடாது. துறையில் ஆள் குறைகிறது என்பது நம் கவலை. அதைத் தீர்க்க ஒரு தோட்டத் தொழிலாளியின் மகளை மூன்றாண்டு அடகு வைக்க நமக்கு உரிமையில்லை. தமிழை ஆசையாக எடுப்பவர் பத்துப் பேர் இருந்தால் துறை நிலைக்கும். வற்புறுத்தலால் சேர்ந்தவர் முப்பது பேர் இருந்தாலும் அது பெயருக்கு ஒரு துறைதான்.

மறுநாள் காலை அவளிடம் மூன்று கேள்விகளைக் கேட்டேன். ஒன்று, தேர்வும் மதிப்பெண்ணும் இல்லையென்றாலும் இந்தப் பாடத்தைப் படிப்பாயா? இரண்டு, இரு துறைகளின் வகுப்புகளும் ஒரே மணி நேரத்தில் மோதாமல் கால அட்டவணை அமையும் என்று கல்லூரியில் கேட்டுத் தெரிந்துகொண்டாயா? மூன்று, இரண்டாவது மேஜரை வைத்து அந்தப் பாடத்தில் எம்.ஏ. சேரவும் பி.எட். சேரவும் ஆசிரியர் வேலைக்கு விண்ணப்பிக்கவும் முடியுமா?

மூன்றாவது கேள்விக்கு வாய்ப் பேச்சை நம்பக் கூடாது. டெல்லிப் பல்கலைக்கழகம் 2013-இல் நான்காண்டுப் படிப்பைக் கொண்டுவந்து, மறு ஆண்டே, 2014 ஜூனில், அதைக் கைவிட்டது. இடையில் சேர்ந்த மாணவர்கள் மீண்டும் மூன்றாண்டுப் படிப்புக்கு மாற்றப்பட்டார்கள். திட்டங்கள் மாறும், சான்றிதழ் மட்டும் பிள்ளையின் கையில் ஆயுள் முழுதும் இருக்கும். எனவே பி.எஸ்.சி. அறிவிப்பில் கேட்கும் தகுதியைச் சொல்லுக்குச் சொல் படிக்க வேண்டும். சந்தேகம் இருந்தால் பல்கலைக்கழகத்துக்கு எழுதிக் கேட்டு, எழுத்திலேயே பதில் வாங்க வேண்டும். பாலக்காட்டுப் பிள்ளைகளுக்குக் கோழிக்கோடு பல்கலைக்கழகம். மூணாற்றுப் பிள்ளைகளுக்கு மகாத்மா காந்தி பல்கலைக்கழகம். ஓர் இடத்து விதியை மற்றோர் இடத்துக்குப் பொருத்திப் பார்த்து ஏமாறக் கூடாது.

சங்கம் செய்ய வேண்டியது இங்கேதான் இருக்கிறது. ஆண்டுதோறும் பொங்கல் விழாவுக்குப் பட்டிமன்றம் வைக்கிறோம், வைக்கட்டும். அதோடு, மேஜர் எழுதிக் கொடுக்கும் காலத்துக்கு ஒரு மாதம் முன்பாகச் சித்தூரில் ஒரு நாள், மூணாற்றில் ஒரு நாள் வழிகாட்டிக் கூட்டம் நடத்தலாம். தமிழ் படித்து வேலையில் இருப்பவர்கள் நாலு பேர் வந்து பேசினால் போதும். லயத்தில் இருக்கும் பெற்றோருக்கு இதையெல்லாம் யார் சொல்வார்கள்? எழுதிக் கேட்க வேண்டிய விளக்கத்தையும் ஒரு மாணவி கேட்பதைவிடச் சங்கம் கேட்டால் மதிப்பு அதிகம்.

என் தங்கை மகள் முதல் கேள்விக்கு உடனே பதில் சொன்னாள். பத்தாம் வகுப்பு வரை தமிழில் படித்தவள், அதன்பின் தமிழில் ஒரு கட்டுரைகூட எழுத வாய்ப்பில்லாமல் போனது தனக்குக் குறையாகவே இருந்தது என்றாள். மற்ற இரண்டையும் கல்லூரியில் போய் விசாரித்தாள். கால அட்டவணை ஒத்துவரும் என்றார்கள். மூன்றாவதற்குக் கடிதம் எழுதியிருக்கிறாள், பதில் வரவேண்டும். படிவத்தில் இரண்டு பாடங்களையும் எழுதிக் கொடுத்துவிட்டு வந்து, "உங்களுக்காக இல்ல மாமா" என்றாள்.

அது எனக்குப் போதும்.